இடமும் வேட்கையும்

ஹெராயினுக்கு ஒருமுறை அடிமையானவன் மீளான் என்பது பலரும் கொண்ட துணிபு. பிணித்திருப்பது உடலொன்றே எனின், அவன் எங்குச் செல்லினும் அப்பிணிப்பும் உடன்செல்ல வேண்டுமன்றோ? வியட்நாம் போரினின்று மீண்ட அமெரிக்கப் படைவீரர் வரலாறு இத்துணிபை அசைத்துவிட்டது.

போர்க்களத்தில் ஹெராயின் மலிந்து கிடந்தது. 1971-இல் தாயகம் திரும்பிய வீரரை லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐவரில் ஒருவர் தாம் அங்கு அதற்கு அடிமையாயிருந்தமையை ஒப்பினர். ஆயின் அவர்களுள் முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரே! இம்முடிபைப் பலர் நம்ப மறுத்தனர். அவர்களைக் குறைகூறுதற்கில்லை. கெண்டக்கி மாகாணத்து லெக்சிங்டனில் 1935-இல் அரசாங்கம் திறந்த மருத்துவமனையினின்று நலம்பெற்றுச் சென்றோரிற் பெரும்பாலோர் மீண்டும் அப்பழக்கத்தில் வீழ்ந்தமையையே அவர்கள் கண்டிருந்தனர்.

இவ்வேறுபாட்டிற்குரிய குறிப்பொன்று அம்மருத்துவமனையிலேயே கிடைத்திருந்தது. ஆங்குப் பணியாற்றிய ஆபிரகாம் விக்லர் என்னும் மருத்துவர், பழக்கம் விட்டுத் திங்கள் பல கழிந்த நோயாளிகள் கூடியிருந்து அப்பொருளைப் பற்றிப் பேசுங்கால், கொட்டாவியும் கண்ணீரும் மூக்குநீரும் அவர்க்குத் தோன்றக் கண்டார். இவை பழக்கத்தை நிறுத்திய முதல்நாட்களில் தோன்றும் குறிகள். புளியங்காய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம் நாவில் நீர் ஊறுகின்றதே, அஃது போன்றதே இதுவும். பழைய தெருமூலை, பழைய தோழன் முகம், ஊசி ஆகிய இவை ஒவ்வொன்றும் வேட்கையை எழுப்பும் அழைப்பாகி விடுகின்றன. லெக்சிங்டன் நோயாளி அவ்வழைப்புக்கள் நிறைந்த தெருவிற்கே திரும்பினான். வீரனுக்கோ அவை கடலுக்கப்பால் நின்றுவிட்டன.

இடமொன்றே காரணமென்று சாதித்தல் மிகையாகும். போரின் அச்சமும் சலிப்பும் ஒழிந்தன. தாயகத்தில் ஹெராயினின் விலையும் மிகுதி. எனினும் உள்ளம் இடத்தோடு கொள்ளும் தொடர்பு எத்துணை வலியதென்பதை ஷெப்பர்டு சீகல் என்பவரும் அவருடன் உழைத்தோரும் 1982-இல் எலிகளைக் கொண்டு காட்டினர். ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு ஒரே பேரளவை ஏற்றினர். பழகிய அறையில் அதனைப் பெற்றவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒருபங்கு இறந்தன. அறை மாறியவற்றுள் இறந்தனவோ ஏறத்தாழ மூன்றில் இருபங்கு. பழகிய அறையைக் கண்டவுடனே உடல் வரப்போகும் நஞ்சை எதிர்க்க ஆயத்தமாகின்றது என்பது அவர்தம் விளக்கம். புதிய அறையில் அவ்வாயத்தம் நிகழவில்லை.