படியும் கிலோவும்

ஏழாம் வகுப்பு அறிவியலில் ‘அளவீட்டியல்’ பாடம் படிக்கும் பிள்ளையிடம், “அடர்த்தி என்றால் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். “நிறையைக் கன அளவால் வகுத்தால் வருவது” என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். “ஓர் அச்சு வெல்லத்தை இரண்டாக உடைத்தால் அடர்த்தியும் பாதியாகுமா?” என்று மேலும் கேளுங்கள். அங்கேதான் தயக்கம் பிறக்கும். சூத்திரம் நாவில் இருக்கிறது. பொருள் நெஞ்சில் இறங்கவில்லை.

இதைப் புரியவைக்கப் பட்டம் பெற்ற பெற்றோர்தாம் வேண்டும் என்பதில்லை. எலவனாசூர்கோட்டை வட்டாரத்து உழவர் குடும்பங்களுக்கு இந்த அறிவு கைப்பழக்கமாகவே உண்டு.

முன்னாளில் நெல்லையும் அரிசியையும் படியாலும் மரக்காலாலும் அளந்தோம். படி, பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தை அளப்பது. அதுவே கன அளவு. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை நாடெங்கும் வந்தபின் கிலோவில் நிறுக்கலானோம். கிலோ, பொருளில் எவ்வளவு பருப்பொருள் உள்ளது என்பதைக் கூறுவது, அதுவே நிறை. ஒரே படியில் அரிசியை நிரப்பித் தூக்கிப் பாருங்கள். பிறகு பொரியை நிரப்பித் தூக்குங்கள். இடம் ஒன்றே, நிறை வேறு. அந்த வேற்றுமையை எண்ணால் சொல்வதே அடர்த்தி.

வெல்லத்தை உடைத்தால் நிறை பாதியாகிறது. அது அடைக்கும் இடமும் பாதியாகிறது. ஆகவே, இரண்டின் விகிதம் மாறுவதில்லை. அடர்த்தி துண்டின் அளவைப் பொறுத்ததன்று. பொருளின் தன்மையைப் பொறுத்தது.

விதைநெல் தெரிவு செய்யும் முறையையும் எண்ணிப் பாருங்கள். நல்ல முட்டை வெறும் நீரில் மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மிதக்கும். முட்டையின் நிறையும் மாறவில்லை, கன அளவும் மாறவில்லை. நீரின் அடர்த்திதான் கூடிற்று. அந்த உப்பு நீரில் நெல்லை இட்டால் பதரும் அரைமணியும் மேலே வரும். முற்றிய மணி அடியில் தங்கும். அதை நன்னீரில் இருமுறை கழுவி விதைக்கிறோம். இது வயலில் நடக்கும் அறிவியல் சோதனை அன்றோ!

பால் வாங்குமிடத்துப் பால்மானியும் இதே கணக்குத்தான். நீர் கலந்தால் பாலின் அடர்த்தி குறையும். மானி ஆழமாக இறங்கும். ஆனால் கொழுப்பு பாலினும் இலேசானது; ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். ஆடையையும் எடுத்து நீரையும் சேர்ப்பவர் மானியை ஏமாற்றக்கூடும் என்பதாலேயே கொழுப்புச் சோதனையும் தேவைப்படுகிறது.

இந்த விடுமுறை நாளில் ஒன்று செய்யுங்கள். ஒரு சிறு கருங்கல்லைக் கடைத் தராசில் நிறுங்கள். குவளையில் விளிம்பு மட்டும் நீர் நிரப்பி, கல்லை மெல்ல இறக்குங்கள். வழிந்த நீரைத் தட்டில் ஏந்தி, மருந்துப் புட்டியோடு வரும் அளவுக் கிண்ணத்தால் அளக்கச் சொல்லுங்கள். 1 மில்லி லிட்டர் என்பது 1 கன சென்டிமீட்டர். கல் 135 கிராம், வழிந்த நீர் 50 மில்லி லிட்டர் எனில் அடர்த்தி 2.7. நீரின் அடர்த்தியோ 1. கல் ஏன் மூழ்கிற்று என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும்.

தான் கண்டு சொன்னதைப் பிள்ளை மறப்பதில்லை. அத்துடன், சேற்றில் நிற்கும் தன் தந்தையின் கைகளிலும் கல்வி உண்டு என்பதை அது அறிந்துகொள்ளும். மதிப்பெண்ணைவிடப் பெரிய பேறு இது.