திருப்புளியை எடுக்கும் முன்

என் பழைய லேப்டாப்பில் ராம் மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கழற்றிய ஸ்க்ரூக்களையெல்லாம் ஒரே டம்ளரில் போட்டேன். வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. மூடும்போதுதான் வினை. குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீளமான ஒன்றை முறுக்கிவிட்டேன். அது கீபோர்டுப் பக்கம் முட்டி, இன்றும் பரு போலத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, அந்தந்த ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் செலோடேப்பால் ஒட்டி வைத்திருந்தால் தப்பித்திருப்பேன்.

திறக்கலாமா என்பதே பலருக்கு முதல் கேள்வி. 'ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி கிடையாது' என்ற மிரட்டல் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டத்தைக் காட்டி, இப்படிச் சொல்லும் சில நிறுவனங்களுக்கு அந்நாட்டு வணிக ஆணையம் 2018-இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று 'பழுது பார்க்கும் உரிமை'க்கென ஓர் இணையதளம் திறந்தது. அது தகவல் தரும் தளம், சட்டம் அல்ல. ஆகவே வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால், "ராம் கூட்டினால் வாரண்டி போகுமா?" என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்ன 'பரவாயில்லை சார்' நாளைக்கு உதவாது. டெல், எச்.பி., லெனோவோ போன்றவை தங்கள் மாடல்களுக்கான பழுதுபார்ப்புக் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே என்பதுகூட அவற்றில் இருக்கும். நான்தான் படிக்கவில்லை.

உதிரிபாகம் வாங்கும்போதே பாதி தவறு நடந்துவிடுகிறது. டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 உட்காராது; வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. எஸ்எஸ்டி இன்னும் ஏமாற்றும். எம்.2 வடிவத்தில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு ரகம். என்விஎம்இ மட்டும் ஏற்கும் இடத்திலும் சாட்டா ரகம் அழகாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் கணினிக்கு அது தெரியவே தெரியாது. பழுதான சரக்கு என்று கடையில் சண்டை போடுவதற்கு முன் கையேட்டைப் பாருங்கள்.

உள்ளே கை வைக்கும் முன் சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். புது ராம் போட்டதும் திரை இருட்டாக இருந்தால் பதறாதீர்கள். டிடிஆர்5 முதல் முறை தன்னைச் சரிபார்த்துக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அப்புறமும் வராவிட்டால் கழற்றி, சாய்வாகச் செருகி, இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடிக்கும் வரை அழுத்துங்கள். மதர்போர்டு மாற்றும் நிலை வந்தால் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அதை முன்பே எழுதி வைக்காதவர்களின் கோப்புகள் பூட்டிய பெட்டிக்குள் போய்விடக்கூடும்.

டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா? அடிமூடி சரியாகப் பொருந்த மறுக்கிறதா? பேட்டரி உப்பியிருக்கக்கூடும். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கும் யோசனையே வேண்டாம், தீப்பிடிக்கும். வீட்டு வேலை இந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். உப்பிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் தனியே பிரித்துக் கொடுப்பது நம் கடமை, திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

இனி கடை. நண்பர் ஒருவர் கீல் உடைந்த லேப்டாப்பைக் கொடுத்தார். திரும்பி வந்தபோது 8 ஜிபி ராம் 4 ஜிபி ஆகியிருந்தது. கேட்டதற்கு, "வந்தப்பவே இப்படித்தான் சார் இருந்துச்சு" என்று பதில். நண்பரிடம் ஜாப் ஷீட்டும் இல்லை, போட்டோவும் இல்லை. கொடுக்கும் முன் ராம், எஸ்எஸ்டி இரண்டின் வரிசை எண்ணையும் படம் எடுத்து, அவற்றை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பழுது கீலிலோ கீபோர்டிலோ என்றால், கழற்ற முடிகிற எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். இது வீண் சந்தேகமல்ல. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேப்டாப்களைப் பழுதுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, லேப்டாப்பில் என்ன நடந்தது என்ற பதிவு கிடைத்த 12 கடைகளில் 6-இல் ஊழியர்கள் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள்.

பில் கேட்டால் 'ஜிஎஸ்டி சேர்ந்துவிடும்' என்பார்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தகராறு வந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.

நண்பர் போகவில்லை. காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட அவரிடம் இல்லை.