"நிப்பாட்டேல்லை, அவர்தான் வாறேல்லை"

யாழ்ப்பாணத்தில் வேலைநீக்கம் கடிதமாக வருவது குறைவு. கஸ்தூரியார் வீதியிலோ சுன்னாகத்திலோ நெல்லியடியிலோ, கடை பூட்டும் நேரத்தில் வாய்ச்சொல்லாக வரும்: "தம்பி, நாளையில இருந்து வரவேண்டாம்." சேர்ந்ததும் வாய்ச்சொல்லில்தான். மாமாவின் கூட்டாளி சொல்லிக் கிடைத்த வேலைக்கு நியமனக் கடிதம் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சொல்கிறது. எழுபது வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

வழக்கென்று போனால் முதலாளியின் பதில் தயார்: "நாங்கள் நிப்பாட்டேல்லை, அவர்தான் வாறேல்லை." தொழில் நியாயசபையில் வழக்கையே திருப்பிவிடக்கூடிய பதில் இது. நிறுத்தியதை முதலாளி ஒப்புக்கொண்டால், காரணம் காட்டும் பாரம் அவர் தலையில். மறுத்துவிட்டால், தன்னை நிறுத்தினார்கள் என்பதை ஊழியரே முதலில் நிறுவவேண்டும். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி யார்? பக்கத்தில் நின்று வேலை செய்தவர். அவரோ நாளைக்கும் அதே கடைக்குப் போகவேண்டியவர்.

இந்த வித்தையைப் பெரிய அளவில் செய்து காட்டியது அரசுதான். 1980 யூலையில் சம்பள உயர்வு கேட்டுப் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கிய ஏறத்தாழ 40,000 பேரை, தாங்களாகவே பதவியை விட்டுப் போனவர்கள் என்று கணக்கெழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் பல ஆண்டுகள் அலைந்தார்கள். ஆனாலும் அவர்களுக்குப் பின்னால் தொழிற்சங்கங்கள் நின்றன. புடவைக் கடையில் காலை முதல் இரவு வரை நிற்கிற பிள்ளைக்கு யார் நிற்கிறார்கள்?

சட்டம் நோஞ்சான் அல்ல. கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் 1950 இல் வந்தது. தனி ஊழியர் ஒருவர் தானே போய் விண்ணப்பிக்கத் தொழில் நியாயசபை 1957 திருத்தத்தில் வந்தது. வாய்மொழி ஒப்பந்தமும் அங்கே ஒப்பந்தம்தான். மீள வேலையில் சேர்க்கவும், நிலுவைச் சம்பளம் கொடுக்கவும், அல்லது இழப்பீடு வழங்கவும் சபை கட்டளையிடலாம். மீளச் சேர்த்தால் நிலுவைச் சம்பளம் தானாகக் கூட வரும் என்றில்லை. வேலையில்லாதிருந்த காலத்தைப் பணிக்கொடைக்குச் சேவைக்காலமாக எடுப்பதா இல்லையா என்பதும் சபையின் கையில்.

மீளச் சேர்க்கும்படி மட்டும் கட்டளை வந்து முதலாளி மேன்முறையீடு செய்வதென்றால், ஊழியரின் பன்னிரண்டு மாதச் சம்பளத்தைப் பிணையாகக் கட்டவேண்டும். பிறகு மாகாண மேல் நீதிமன்றம், அதற்கும் மேலே உயர் நீதிமன்றம். அதற்குள் பெடியன் ஓட்டோ ஓடத் தொடங்கியிருப்பான், அல்லது கட்டாருக்கு ஏறியிருப்பான். பழைய கடை வாசலை மிதிக்க யாருக்கு மனம் வரும்? கிடைக்கிற இழப்பீட்டோடு முடித்துக்கொள்ளவே பார்ப்பார்கள். அங்கேயும் கடதாசி தேவை. எவ்வளவு இழந்தேன் என்பதை ஊழியரே காட்டவேண்டும் என்பது 1995 இல் ஒரு பெருந்தோட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது.

வியாபாரம் படுத்துவிட்டது என்று ஆளைக் குறைப்பதற்கு 1971 ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் ஆணையாளரின் முன் அனுமதியைக் கேட்கிறது. பதினைந்து பேருக்குக் குறைவான இடங்களை அது தொடாது. குடாநாட்டுக் கடைகளை எண்ணிப் பாருங்கள்.

கல்லாவில் கைவைத்தவனை எப்படி மீள எடுப்பது என்று முதலாளிமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அப்படியென்றால் அதையே கடிதத்தில் எழுதிக் கொடுக்கட்டுமே!

எழுத்தில்லாத வேலைக்கும் தடயம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் போயிருந்தால் அந்தக் கணக்கு பேசும். வங்கிக்கு வந்த சம்பளம், வரவுப் புத்தகத்தின் படம், வட்ஸ்அப்பில் வந்த "இண்டைக்கு நேரத்துக்கு வா" கூடப் பேசும். வரவேண்டாம் என்ற மறுநாளே, "இன்ன திகதி என்னை நிறுத்தினீர்கள், நான் வேலைக்கு வரத் தயார்" என்று பதிவுத் தபாலில் எழுதி, பிரதியைத் தொழில் அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டால், "அவர்தான் வாறேல்லை" என்பது அவ்வளவு சுலபமாக எடுபடாது.

விண்ணப்பிக்கக் காலக்கெடு ஆறு மாதம். நல்லூர்த் திருவிழா முடியட்டும், மாமாவின் கூட்டாளி ஒருக்கால் கதைத்துப் பார்க்கட்டும் என்று இருந்தே பலருக்கு அது போய்விடுகிறது.