எங்கள் மாருதி ஏன் ஃபெயில் ஆனது?



பரீட்சையில் ஃபெயில் ஆனால் வீட்டில் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஃபெயில் ஆனது நான் இல்லை, எங்கள் கார்! 1996-ல் தயாரான மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் வைத்த எஞ்சின். புகைப் பரிசோதனைக்குப் போய் தோற்றுவிட்டுத் திரும்பி வந்தது.

"பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?" என்றார் அப்பா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காரில்தான் நானும், ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் தங்கையும் தினமும் பள்ளிக்கு வருகிறோம். காருக்கு என்ன வியாதி என்று எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சீட்டில் என்ன இருந்தது?

எஞ்சின் சூடாக இருக்கும்போது, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடவிட்டு, சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகுவார்கள். பெட்ரோல் வண்டி என்றால் இரண்டு எண்கள் வரும். எங்களுக்கு வந்தவை இவை:

கார்பன் மோனாக்சைடு: 5.4 சதவீதம் (3 வரை இருக்கலாம்)
ஹைட்ரோகார்பன்: 1,120 பிபிஎம் (1,500 வரை இருக்கலாம்)

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கணக்கு. இந்த வரம்பு எங்கள் கார் போன்ற பழைய வண்டிகளுக்கு மட்டும்தான். பின்னால் வந்த பி.எஸ்.2, பி.எஸ்.3 கார்களுக்கு 0.5 சதவீதம், 750 பிபிஎம். ஆக, பழசுக்கு நிறையவே சலுகை கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் நாங்கள் ஃபெயில்!

இரண்டு எண், இரண்டு கதை

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. காற்று பத்தவில்லை என்றால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். எரியாமலே வெளியே போகும் பெட்ரோல்தான் ஹைட்ரோகார்பன். பிளக்கில் பொறி சரியாக வராவிட்டாலும், பெட்ரோல் ரொம்பக் குறைந்து நெருப்புப் பிடிக்காமல் போனாலும் அது ஏறும்.

அம்மா இதைச் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். "கேஸ் அடுப்புல காத்து போற ஓட்டை அடைச்சிருந்தா தீ மஞ்சளா எரிஞ்சு பாத்திரம் கரியாகுதில்ல? அதே கதைதான்." எங்கள் காரின் வியாதியும் அதுதான். பெட்ரோல் கூட, காற்று கம்மி.

கார்புரேட்டர் என்ன செய்கிறது?

கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பு பார்த்திருப்பீர்கள். பம்பை அழுத்தினால் சின்னக் குழாயின் வாயருகே காற்று வேகமாகப் போகும். அங்கே அழுத்தம் குறையும். உடனே டப்பாவில் உள்ள மருந்து மேலே ஏறிச் சாரலாகத் தெறிக்கும். கார்புரேட்டரும் அப்படித்தான். நடுவில் ஒடுங்கிய ஒரு குழாய். எஞ்சின் இழுக்கும் காற்று அந்த ஒடுக்கத்தில் வேகமாகப் போகும்போது, ஜெட் என்ற நுண்ணிய துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும். புதிய கார்களில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கிறது. இதில் கம்ப்யூட்டர் கிடையாது. ஓட்டையும் திருகும் தகடும்தான். அழுக்கு சேர்ந்தால் அளவு மாறிவிடும்.

முதலில் நடந்த தப்பு

பரிசோதனை செய்தவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கார்புரேட்டரில் உள்ள மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகினார். பெட்ரோல் குறைந்தது. மறுபடி அளந்தால் கார்பன் மோனாக்சைடு 2.7. பாஸ்! ஆனால் எஞ்சின் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கியது. ஹைட்ரோகார்பன் 2,300-க்குப் போய்விட்டது. ஒன்றை அமுக்கினால் இன்னொன்று தலை தூக்கியது.

பக்கத்தில் நின்ற ஒருவர் அப்பாவிடம் மெதுவாக, "சார், கொஞ்சம் சேர்த்துக் குடுங்க. டெஸ்ட் பண்ணாமலே சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்" என்றார். 2019-ல் திருத்திய சட்டப்படி சர்டிபிகேட் இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துவிட்டார்.

வரிசையாகப் பார்த்தோம்

எங்கள் தெருமுனையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் மாமா சீட்டைத்தான் முதலில் கேட்டார். "தம்பி, ஸ்க்ரூ கடைசி மருந்து. அதை முதல்ல குடுக்கக் கூடாது" என்றபடி வேலையை ஆரம்பித்தார்.

1. ஏர் ஃபில்டர்: எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மறுபக்கம் ஒன்றுமே தெரியவில்லை. அவ்வளவு புழுதி! புதிது போட்டார்.

2. சோக்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்வதற்காகக் காற்றை மறைக்கும் தகடு இது. சூடானதும் முழுசாகத் திறந்துவிட வேண்டும். நாப்பை உள்ளே தள்ளியும் எங்கள் காரில் தகடு பாதியிலேயே நின்றது. கேபிள் துருப்பிடித்திருந்தது. வியாதியின் வேர் இங்கேதான்! கேபிளை மாற்றினார்.

3. பிளக்: மூன்றையும் கழற்றினார். அடுப்புக் கரி மாதிரி வறண்ட கறுப்பு. அது பெட்ரோல் அதிகம் என்பதற்கு அடையாளம். எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் ஆயில் எரிகிறது, எஞ்சினைப் பிரிக்கணும். இளம் பழுப்பாக இருந்தால் நல்ல ஆரோக்கியம். எங்கள் பிளக்கைச் சுத்தம் செய்து, இடைவெளியைச் சரிபார்த்து மாட்டினார்.

4. மிதவை: கார்புரேட்டரின் சின்னத் தொட்டியில் பெட்ரோல் மட்டத்தைக் காப்பது இதுதான். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் பந்து வால்வு மாதிரி. அது ஓட்டையானாலும், ஊசி வால்வு தேய்ந்தாலும் பெட்ரோல் வழியும். எங்களுக்கு நல்ல வேளையாக அது சரியாக இருந்தது.

5. கடைசியில்தான் ஸ்க்ரூ. எஞ்சின் சீராக ஓடும் இடம் வரும்வரை மெல்லத் திருகினார்.

மறுநாள் மறுபடி பரிசோதனை. கார்பன் மோனாக்சைடு 1.9. ஹைட்ரோகார்பன் 640. இரண்டிலும் பாஸ்! எஞ்சினை மாற்றவில்லை, காரையும் விற்கவில்லை. போட்டது ஒரு ஃபில்டரும் ஒரு கேபிளும்தான்.

பொய் சீட்டு வாங்கியிருந்தால்?

அன்று மாலை அப்பாவிடம், "அந்த ஆள் கேட்டப்போ ஏன்ப்பா வேணாம்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். "காலைல உங்க ஸ்கூல் கேட்ல வண்டியை ஆஃப் பண்ணாம நிக்கிறேன். பாப்பா இறங்கிப் பின்பக்கமா சுத்திப் போறா. அவ உசரத்துக்கு அந்தப் புகை மூஞ்சிக்குத்தானே வரும்" என்றார். எனக்குப் பதில் பேச வரவில்லை.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிடக் கூடாது. புதிய கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இந்த வாயுவைப் பெருமளவு மாற்றிவிடும். எங்கள் காரில் அது இல்லை. எஞ்சினில் தப்பு நடந்தால் அது நேராக வெளியேதான் வரும்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் பழைய கார், ஸ்கூட்டர், மொபெட் இருக்கலாம். ஃபெயில் ஆனால் சீட்டில் எந்த எண் ஏறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏர் ஃபில்டரையும் சோக்கையும் பார்க்காமல் ஸ்க்ரூவைத் தொடவிடாதீர்கள். பள்ளி வாசலில் நிற்கும்போது எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் அப்பா இப்போது நிறுத்திவிடுகிறார். நான் கேட்காமலே!



- பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்