'நாந்தான் தப்பா அமுக்கிட்டேன்': செயலியின் மறதி குறித்து

பக்கத்து வீட்டு அக்காவின் பழைய ஆண்ட்ராய்டு போனில் அவருக்காக ஒரு மனு நிரப்பிக்கொண்டிருந்தேன். பாதியில் ரேஷன் அட்டை எண் வேண்டியிருந்தது. அட்டையைப் படமெடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் படிவம் வெறுமையாய் நின்றது. 'நாந்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் தம்பி' என்றார். இல்லை. நிரல் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தட்டச்சிட்டு இன்னும் அனுப்பாத எழுத்து, உருட்டி நிறுத்திய இடம், விரித்து வைத்த பட்டியல்: இவற்றைத் திரையின் தற்காலிக நிலை என்கிறோம். ஆண்ட்ராய்டில் இதை வைக்க மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, திரைக்குரிய நிரலின் மாறிகள். போனைப் பக்கவாட்டில் திருப்பினாலே இயங்குதளம் அந்தத் திரையை அழித்து மறுபடி கட்டும்; வச்சதெல்லாம் போச்சு. இரண்டாவது, 2017இல் கூகுள் கொண்டுவந்த வியூமாடல். திருப்புவதை அது தாங்கும். ஆனால் நினைவகம் போதாமல் பின்னணியிலுள்ள செயலியையே இயங்குதளம் கொன்றால், வியூமாடலும் கூடவே சாகும். மூன்றாவது, முன்கூட்டியே இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் ஒரு சிறு பொட்டலம். செயலி கொல்லப்பட்டாலும் இது திரும்பக் கிடைக்கும். இதில் அதிகம் அடைக்க முடியாது. நாமே செயலியைத் தள்ளி மூடினால் இதுவும் போய்விடும். எனவே நீண்ட மனுவை அவ்வப்போது போனின் தரவுத்தளத்திலேயே வரைவாக எழுதிவிட வேண்டும்.

நினைவகம் தாராளமாயுள்ள போனில் இந்தக் கொலை அரிது. நிரலாளனின் மேசையில் இருப்பது பெரும்பாலும் அந்தப் போன்தான். அவன் கண்ணில் பிழை படுவதே இல்லை. மலிவான போனிலோ கேமராவைத் திறந்தாலே போதும். ஆக, மறதி ஆள் பார்த்துத்தான் விழுகிறது. சோதிக்க வழியில்லாமல் இல்லை. விட்டு நகர்ந்த திரையை உடனுக்குடன் அழித்துக் காட்டும் அமைப்பு ஒன்று ஆண்ட்ராய்டு போனிலேயே நிரலாளர்களுக்கென்று இருக்கிறது. நானும் பல வருஷம் அதைத் தொட்டதில்லை.

எல்லாவற்றையும் நினைவில் வை என்று நான் கேட்கவில்லை. கடவுச்சொல்லை மறப்பதே மரியாதை. எது தற்காலிகம் என்று பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே என் கேள்வி. எனக்கு அது ஒரு மாறி; அக்காவுக்கு அரைநாள் கூலி. மக்களுக்கு மனு எழுதித் தரும் தோழர்கள், அடுத்த தடவை படிவம் வெறுமையானால், 'வரைவைச் சேமிக்க ஏன் வழி செய்யல?' என்று எழுதிக் கேளுங்கள். அக்காவிடமும் அவர் தப்பு எதுவுமில்லை என்று சொல்லுங்கள்.