மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் (1946–1987)

பம்பாயில் பிறந்த தமிழர். மாட்டுங்கா எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியிலும் பிறகு சயானிலுள்ள அதன் கல்லூரியிலும் படித்தார். 1972இல் மகார் ரெஜிமென்ட்டில் அதிகாரியானார். 1987இல் இந்திய அமைதிப்படையின் 8ஆம் மகார் பட்டாலியனுடன் இலங்கைக்குச் சென்றார்.

நவம்பர் 25 இரவு, யாழ்ப்பாணப் பகுதியில் தேடுதல் முடித்துத் திரும்பிய இவரது குழுவை விடுதலைப் புலிகள் தாக்கினர். இவர் பின்புறமாகச் சுற்றிச் சென்று அவர்கள்மேல் பாய்ந்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரையே வீழ்த்தினார். உயிர் பிரியும்வரை கட்டளையிட்டபடி இருந்தார். சுட்டவருக்கும் சுடப்பட்டவருக்கும் தாய்மொழி ஒன்றே என்பது இந்தப் போரின் கசப்பு.

இலங்கை சென்ற அமைதிப்படையினரில், இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்ரா பெற்றவர் இவர் ஒருவரே. 2023இல் அந்தமானில் ஒரு தீவுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது.