ஆங்கில ஆசிரியராகக் கனடா செல்பவர்களுக்கு: புறப்படும் முன்னும் போய்ச் சேர்ந்த பின்னும்

குடும்ப அனுசரணை மூலமோ அகதி மீள்குடியேற்றத்தின் ஊடாகவோ கனடா செல்லும் எமது பிரதேசத்தவர்களில் ஆங்கில ஆசிரியர்களும் இருக்கிறார்கள். "அங்கேயும் இங்கிலீசு படிப்பிக்கலாமா?" என்பது அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. படிப்பிக்கலாம். ஆனால் போன கையோடு அல்ல. என்ன தேவை என்பதைக் களுதாவளையில் இருக்கும்போதே தெரிந்துகொண்டால், அங்கே வீணாகும் காலத்தைப் பெருமளவு குறைக்கலாம். தமிழர்கள் அதிகம் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தை வைத்து இங்கே விளக்குகிறோம்.

இரண்டு வழிகள்

முதலாவது, அரச நிதியில் இயங்கும் பாடசாலைகள். இதற்கு 'ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரி'யின் சான்றிதழ் வேண்டும். பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது படிக்கும் இடம் அல்ல. ஆசிரியர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு. பொதுவாக, பல்கலைக்கழகப் பட்டமும் அதற்கு மேலாக ஆசிரியர் பயிற்சியும் எதிர்பார்க்கப்படும்.

இரண்டாவது, புதிதாக வந்த வளர்ந்தோருக்கான ஆங்கில வகுப்புகள். இவற்றில் படிப்பிக்க, பெரும்பாலான நிறுவனங்கள் 'டெஸ்ல் ஒன்ராறியோ' அமைப்பின் சான்றிதழைக் கேட்கும். அதற்கும் ஒரு பட்டமும், அங்கீகரிக்கப்பட்ட டெஸ்ல் பயிற்சியும், ஆங்கிலப் புலமைக்கான சான்றும் தேவை.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் முடித்துப் பெற்ற தேசிய போதனாவியல் டிப்ளோமா, இலங்கையில் ஒருவரை முழுமையான ஆசிரியராக்குகிறது. ஆனால் அது பட்டம் அல்ல. பத்து, பதினைந்து வருடம் படிப்பித்தவருக்கும் இதே நிலைதான். ஆகவே விசாவுக்காகக் காத்திருக்கும் காலத்தில், திறந்த பல்கலைக்கழகம் போன்ற ஒன்றில் பட்டப்படிப்பைத் தொடங்குவது பற்றி யோசியுங்கள்.

புறப்படும் முன் சேர்க்க வேண்டியவை

1. பட்டம், டிப்ளோமா ஆகியவற்றின் மூலப்பிரதிகளும் பாடவாரியான பெறுபேற்று அறிக்கைகளும். மதிப்பீட்டு நிறுவனங்கள் பெறுபேறுகளைப் பெரும்பாலும் கல்வி நிறுவனத்திடமிருந்து நேரடியாகவே கேட்கும். அதனால் வந்தாறுமூலையிலோ கொழும்பிலோ உங்கள் கோப்பைக் கையாளும் கிளை எது, கட்டணம் எவ்வளவு என்று முன்னரே கேட்டு எழுதி வையுங்கள்.

2. க.பொ.த. சாதாரண தர, உயர் தரச் சான்றிதழ்கள். தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் விண்ணப்பித்து மீண்டும் பெறலாம். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் ஆவணங்களை இழந்தவர்கள் இதைக் கடைசி மாதம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

3. நியமனக் கடிதம், சேவைக் கடிதம். பாடசாலையிலும் வலயக் கல்வி அலுவலகத்திலும் கேட்டுப் பெறுங்கள். எந்த வகுப்புகளுக்கு, எத்தனை வருடம் படிப்பித்தீர்கள் என்பது அதில் தெளிவாக இருக்கட்டும்.

4. பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள். இவற்றைக் களுவாஞ்சிக்குடியிலுள்ள பிரதேச செயலகத்தில் பெறலாம். தமிழில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொள்ளுங்கள். எல்லா ஆவணங்களிலும் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சீட்டில் ஒரு விதமும் பட்டத்தில் வேறு விதமும் இருந்தால், அதற்கான சத்தியக் கடதாசியை இங்கேயே முடித்துக்கொள்வது இலகு.

போய்ச் சேர்ந்த பின்

வேலை செய்வதற்கு ஒன்பது இலக்க சமூகக் காப்புறுதி எண் வேண்டும். அது இலவசம். அடுத்து, உங்கள் ஆங்கிலம் 1 முதல் 12 வரையான கனேடிய மொழித்தர அளவீட்டில் மதிப்பிடப்படலாம். "இங்கிலீசு படிப்பித்த எனக்கே சோதனையா?" என்று மனம் நோக வேண்டாம். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கும் பாதுகாப்பு வழங்கப்பட்ட அகதிகளுக்கும் 1992 முதல் 'லிங்க்' என்ற இலவச வகுப்புகள் நடைபெறுகின்றன. குடியுரிமை பெற்ற பின் அவற்றில் சேர முடியாது. உங்கள் மட்டத்துக்கு வகுப்பு இருந்தால் சேர்ந்து பாருங்கள். நாம் பரீட்சைக்காகப் படிப்பித்தோம். அங்கே வைத்தியரிடம் வருத்தத்தைச் சொல்வது, வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுவது போன்ற காரியங்களை வைத்தே மொழி கற்பிக்கப்படுகிறது. நாளை நீங்கள் செய்யப்போகும் வேலையை மாணவரின் கதிரையிலிருந்து பார்க்கும் வாய்ப்பு இது.

ரொறன்ரோ பொது நூலகத்தில் ஆங்கில உரையாடல் வட்டங்கள் நடக்கின்றன. அத்தகைய இடங்களில் தொண்டராகச் சேர முடியுமா என்று கேளுங்கள். கனேடிய அனுபவமும், உங்களைப் பற்றிச் சாட்சி சொல்ல ஒருவரும் அப்படித்தான் கிடைக்கும். பாடசாலைச் சபைகள் நடத்தும் சர்வதேச மொழி வகுப்புகளில் தமிழும் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

இடைக்காலத்தில் தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை செய்ய நேரலாம். அதில் வெட்கம் இல்லை. ஆனால் வாரத்தில் ஓரிரு மாலைகளையாவது சான்றிதழ் வேலைக்கென ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் வருடங்கள் போவதே தெரியாது.

ஏமாறாதீர்கள்

"120 மணித்தியால ஒன்லைன் சான்றிதழ் எடுத்தால் கனடாவில் ஆசிரியர் வேலை நிச்சயம்" என்று சொல்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். அப்படியான சான்றிதழ் மேலே சொன்ன தகுதிகளுக்கு ஈடாகாது. வேலை முகவர் அனுமதி பெற்றவரா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்டறியலாம்.

வெற்றிலைக் கொடி நட்ட மறுநாளே கொழுந்து கிள்ள முடியாது என்பதைக் களுதாவளையாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆசிரியத் தொழிலும் புதிய மண்ணில் வேர்விடக் காலம் எடுக்கும். விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் உரிய அமைப்புகளிடம் நேரடியாக உறுதிசெய்துகொள்ளுங்கள்.